வாய்க்கால் கரையில் உறையூர்

மண்ணச்சநல்லூர்ப் பக்கத்திலிருந்து கொள்ளிடத்தையும் காவிரியையும் கடந்து திருச்சிராப்பள்ளிக்குச் செல்லும் நாம், பெரும்பாலும் மலைக்கோட்டையைச் சுற்றியே நின்றுவிடுகிறோம். தெப்பக்குளத்தருகே லூர்து அன்னை ஆலயம், பாலக்கரையில் சகாய மாதா கோவில், பிறகு கடைத்தெரு. அத்துடன் வீடு திரும்பிவிடுகிறோம். நகரின் மேற்கே அமைதியாகக் கிடக்கும் உறையூரின் தெருக்களில் வேலையேதும் இன்றி நடந்து பார்த்தவர் நம்மில் சிலரே. ஆயினும், மலைமேல் கோட்டை எழுவதற்குப் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே கடல் கடந்த நாடுகள் அறிந்திருந்த ஊர் அதுதான்.

முற்காலச் சோழரின் தலைநகர் என்பதும், யானையைக் கோழி வென்ற கதையால் கோழியூர் எனப் பெயர் பெற்றதும் பள்ளிப் பாடத்திலேயே நாம் படித்தவை. அரண்மனை இருந்த இடம் எது என்று இன்று எவராலும் காட்ட இயலாது. எஞ்சி நின்றது நூலே. கி.பி. முதல் நூற்றாண்டில் கிரேக்க மொழியில் எழுதப்பட்ட 'பெரிப்ளூஸ்' என்னும் கடற்பயணக் குறிப்பு, 'அர்காரு' என்னும் உள்நாட்டு ஊரின் மெல்லிய துணியைப் பற்றிப் பேசுகிறது. அவ்வூர் உறையூரே என்பது அறிஞர் பலரின் கருத்து. 1965 முதல் 1969 வரை சென்னைப் பல்கலைக்கழகத்தார் இங்கு நடத்திய அகழாய்வில் ரோமானியத் தொடர்பைக் காட்டும் பானை ஓடுகளும், தமிழ் பிராமி எழுத்துப் பொறித்த ஓடுகளும் கிடைத்தன. செங்கல் தொட்டி ஒன்றும் வெளிப்பட்டது. அது சாயம் தோய்க்கப் பயன்பட்டது என்று ஆய்வாளர் கருதினர்.

அந்தத் தொட்டியைப் பற்றி அறிந்ததும் நமக்கு லீதியாவின் நினைவு வருகிறது. பிலிப்பி நகரின் ஆற்றங்கரையில் புனித பவுலின் சொற்களுக்குச் செவிமடுத்த அப்பெண்மணி செந்நிற ஆடை வணிகர் எனத் திருத்தூதர் பணிகள் கூறுகிறது. பவுலும் கூடாரத் தொழிலாளியே. அவர்கள் மத்தியதரைக் கடலோரத்தில் துணியோடு உழைத்த அதே நூற்றாண்டில், காவிரிக்கரையில் நம் முன்னோர் நூலோடு உழைத்தனர். ஒருவரை ஒருவர் அறியார். துணி மட்டும் கடலைக் கடந்து சென்றது.

பிற்காலத்தில் இவ்வூருக்கு உயிர்நீர் தந்தது உய்யக்கொண்டான் வாய்க்கால். பேட்டைவாய்த்தலையில் காவிரியிலிருந்து பிரிந்து, ஏறத்தாழ 70 கிலோமீட்டர் ஓடி வாழவந்தான்கோட்டை ஏரியை அடைகிறது. இதனை வெட்டுவித்தவன் முதலாம் இராசராசன் என்பது மரபு. உய்யக்கொண்டான் என்பது அவனது விருதுப்பெயர்களுள் ஒன்று. மக்கள் பிழைத்து வாழும்படி அவர்களைத் தனதாக்கிக் கொண்டவன் என்று அதற்குப் பொருள் கூறலாம். பாலக்கரைச் சகாய மாதா கோவிலின் முறைப்படியான பெயர் உலக மீட்பர் பேராலயம் என்பதை எண்ணும்போது, அதே பாலக்கரை வழியே இவ்வாய்க்காலும் செல்வது நமக்கு இன்பம் தருகிறது. தற்செயல்தான், இருந்தாலும் நல்ல தற்செயல்.

வாய்க்காலுக்கும் தறிக்கும் உள்ள உறவைப் பெருவளை வாய்க்கால் பாயும் பகுதியில் வாழும் நாம் எளிதில் உணரலாம். பாவு நூல் அறுபடாமல் நிற்கக் கஞ்சி போடவேண்டும். கஞ்சிக்கு அரிசி வேண்டும். சாயமிட்ட நூலை அலச நீர் வேண்டும். பாவை நீளமாக விரித்து ஓட்ட, வண்டி வாகனம் குறுக்கிடாத தெரு வேண்டும். குழித்தறியில் கால்களை இறக்கி அமர்ந்து, ஊடையை ஓட்டி, அச்சால் தட்டும் ஓசைக்கும் இசைக்குரிய ஒழுங்கு உண்டு. உறையூர்ப் பருத்திச் சேலை என்று நம் தாய்மார் கேட்டு வாங்கியது இவ்வுழைப்பின் விளைவு. பெல்ஜிய நாட்டில் கால்வாய்கள் சூழ்ந்த புரூஜ் நகரிலும் புனித அன்னம்மாள் பெயர் தாங்கிய அமைதியான பகுதி ஒன்று, சரிகைபோன்ற நூற்பின்னலுக்குப் பெயர்பெற்றது. அதைக் காணப் பல நாட்டார் செல்கின்றனர். உறையூரைக் காண்பதற்கு நாம் இரண்டு ஆறுகளைக் கடந்தால் போதும்.

இங்கே சுற்றப்பட்ட சுருட்டும் சீமைவரை சென்றது. 1887-இல் வெளிவந்த ஷெர்லாக் ஹோம்ஸின் முதல் கதையிலேயே திருச்சிச் சுருட்டின் சாம்பல் துப்புத் துலக்க உதவுகிறது. புகையின் பெருமையை இதற்குமேல் பேச நமக்கு விருப்பமில்லை.

உறையூர் வெக்காளியம்மன் கோவிலின் கருவறைக்குக் கூரை இல்லை. மண்மாரியில் வீடிழந்த மக்கள் அனைவருக்கும் கூரை கிடைக்கும்வரை தனக்கும் வேண்டாம் என அன்னை மறுத்ததாக ஊரார் சொல்வர். வேற்றுச் சமயத்தார் கதையாயினும் நம் நெஞ்சைத் தொடும் கதை. ஏனெனில் ஊருக்கே ஆடை நெய்தவர் வீட்டில் வறுமை நீங்கியதில்லை. விசைத்தறித் துணி மலிவாகச் சந்தைக்கு வந்தபின், கைத்தறியின் கூலி குடும்பத்தைத் தாங்கவில்லை. பிள்ளைகள் வேறு தொழிலுக்குப் போயினர். அவர்களைக் குறைகூற நமக்கு உரிமையில்லை. அந்தச் சேலையை வாங்குவதை நிறுத்தியவர்கள் நாமும்தானே.

வாய்க்காலின் நிலையும் வேறன்று. படித்துறைகளில் குளித்த தலைமுறை மூப்படைந்துவிட்டது. வீடுகள் நீருக்கு முதுகைக் காட்டித் திரும்பிக்கொண்டன. சாக்கடைகள் மட்டும் அதை நோக்கியே வருகின்றன. தூர்வாருதல் அவ்வப்போது நடைபெறுகிறது. கழிவும் மறுபடி சேர்கிறது. மேட்டூர் அணை திறந்து புதுநீர் வரும் நாட்களில் உய்யக்கொண்டான் சற்றே தெளிந்து ஓடுகிறான். புத்தூரையும் பாலக்கரையையும் அரியமங்கலத்தையும் கடந்து செல்லும் அந்த நீரைத்தான், நகரத்தின் அழுக்கோடு சேர்த்து, கிழக்கேயுள்ள உழவர்கள் தங்கள் நெல்வயலுக்குத் திருப்பிக்கொள்கின்றனர்.