ஆன்டெனா வைத்தது நானில்லை: ஒரு திருத்தம்



மகன் வீட்டுக்கு, அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில் டல்லாஸ் பக்கம் உள்ள பிளானோவுக்கு வந்து இரண்டு மாதம் ஆகிறது. போன வாரம் நம் குடும்பக் குழுவில் அவன் போட்ட படத்தைப் பலர் பார்த்திருப்பீர்கள். கூரையில் ஒரு ஆன்டெனா, கீழே தலையில் தொப்பியோடு நான். "அப்பா 1984-லேயே கடலுக்கு அந்தப் பக்கம் இருந்து ரூபவாஹினியைப் பிடித்தவர், டல்லாஸ் எம்மாத்திரம்" என்று எழுதியிருந்தான். நாற்பது பேருக்கு மேல் கை தட்டிவிட்டீர்கள். என்னிடம் படித்த சிலர், "ஆமாம் சார், எங்களுக்கும் ஞாபகம் இருக்கிறது" என்று எழுதியிருந்தீர்கள்.

அந்தக் கைதட்டல் எனக்குச் சேர வேண்டியது இல்லை. அதைச் சொல்லத்தான் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள். வாத்தியார் என்பதால் இடையில் பாடமும் வரும்.

முதலில் இந்த ஊர்க் கதை. இங்கே மாதாமாதம் கேபிளுக்கும் இணையத்துக்கும் கட்டும் பணத்தைப் பார்த்து மகன் சலித்துக்கொண்டான். உள்ளூர் நிலையங்கள் எல்லாம் காற்றில் இலவசமாகவே வருகின்றன என்பது இங்கே பலருக்கே தெரியாது. அமெரிக்காவில் பெரிய நிலையங்கள் 2009 ஜூன் 12-ஆம் தேதியோடு பழைய அனலாக் ஒளிபரப்பை நிறுத்திவிட்டு டிஜிட்டலுக்கு மாறின. ஒரு ஆன்டெனா இருந்தால் போதும், படம் பளிச்சென்று வரும். ஆனால் எந்த ஆன்டெனா?

கடைக்குப் போனால் "டிஜிட்டல் ஆன்டெனா", "எச்.டி. ஆன்டெனா" என்று அட்டைப்பெட்டியில் கொட்டை எழுத்து. அது வெறும் விளம்பரம். ஆன்டெனாவுக்கு டிஜிட்டலும் தெரியாது, அனலாக்கும் தெரியாது. அதற்குத் தெரிந்தது அலைநீளம் ஒன்றுதான். 300-ஐ மெகாஹெர்ட்ஸால் வகுத்தால் அலைநீளம் மீட்டரில் வரும். அதில் பாதி, குச்சியின் நீளம். 500 மெகாஹெர்ட்ஸ் என்றால் அலைநீளம் 60 சென்டிமீட்டர், குச்சி 30 சென்டிமீட்டர், அதாவது நம் பள்ளிக்கூட ஸ்கேல் அளவு. 180 மெகாஹெர்ட்ஸ் என்றால் குச்சி 83 சென்டிமீட்டர். இது யு.எச்.எஃப்., அது வி.எச்.எஃப். அவ்வளவுதான் வித்தியாசம்.

டல்லாஸ் நிலையங்களின் கோபுரங்கள் பெரும்பாலும் சீடர் ஹில் என்ற ஒரே மேட்டில் கூட்டமாக நிற்கின்றன. மகன் வீட்டிலிருந்து சுமார் 55 கிலோமீட்டர், தெற்கிலிருந்து கொஞ்சம் மேற்கே தள்ளி. அங்கிருந்து வருபவை பெரும்பாலும் யு.எச்.எஃப். ஆனால் டபிள்யூ.எஃப்.ஏ.ஏ. என்ற முக்கியமான நிலையம் மட்டும் இன்னும் வி.எச்.எஃப். எட்டாம் அலைவரிசையில் இருக்கிறது. பக்கத்து வீட்டுக்காரர் வாங்கிய தட்டையான சின்ன ஆன்டெனாவில் எல்லாம் வந்து அது மட்டும் வராததற்குக் காரணம் இதுதான். ஆகவே நீளக் குச்சியும் குட்டைக் குச்சியும் சேர்ந்த, நம் ஊரில் "மீன் முள்ளு" என்று சொல்வோமே, அந்த வகையையே வாங்கினோம். பூஸ்டர் வேண்டாம் என்றேன். பூஸ்டர் ஒயரில் ஏற்படும் இழப்பை ஈடுகட்டும், வராத சிக்னலை வரவழைக்காது. கோபுரம் பக்கத்தில் இருந்தால் பெட்டியைத் திணறடித்துக் காரியத்தைக் கெடுக்கவும் செய்யும். இங்கே இடி மின்னல் கடுமை என்பதால் எர்த் கம்பி அவசியம். குடியிருப்போர் சங்கம் தடுக்குமோ என்று மருமகள் பயந்தாள். சொந்தக் கூரையில் இப்படி ஆன்டெனா வைப்பதை அவர்கள் தடுக்கக் கூடாது என்று 1996 முதல் மத்திய அரசு விதியே இருக்கிறது.

திசை பார்த்துத் திருப்பினோம். அனலாக் காலத்தில் திசை தப்பினால் படம் மங்கும், எறும்பு ஊரும், நிழல் விழும், ஆனாலும் ஏதோ தெரியும். டிஜிட்டலில் அந்த இரக்கம் கிடையாது. போதுமான சிக்னல் இருந்தால் முழுப் படம், கொஞ்சம் குறைந்தால் கட்டம் கட்டமாக உடையும், இன்னும் குறைந்தால் ஒன்றுமே இல்லை. இரண்டாவது முயற்சியில் எல்லா நிலையங்களும் வந்தன. மகன் படம் எடுத்தான், நீங்கள் கை தட்டினீர்கள்.

இப்போது 1984-க்கு வருகிறேன்.

நம் நாட்டில் தொலைக்காட்சி 1959-இல் டெல்லியில் தொடங்கியது. சென்னைக்கு வந்தது 1975 ஆகஸ்ட் 15. தூத்துக்குடிப் பக்கத்துக் கடலோர ஊரான எங்களுக்குச் சென்னை ஒளிபரப்பு எட்டாது. கொடைக்கானல் நிலையமும் அப்போது வரவில்லை. ஆனால் கடலுக்கு அந்தப் பக்கம் 1982 பிப்ரவரியில் இலங்கை ரூபவாஹினி தொடங்கியிருந்தது. தமிழ்ச் செய்தியும் உண்டு. கொஞ்சம் வசதியுள்ளவர்கள் நெடிய ஜி.ஐ. பைப் நட்டு, அதன் தலையில் ஆன்டெனா கட்டி அதைப் பிடிக்கப் பார்ப்பார்கள்.

வெளிநாட்டிலிருந்து வந்த ஒரு பெரியவர் எங்கள் பள்ளிக்கு ஒரு கறுப்பு வெள்ளைப் பெட்டி கொடுத்தார். இயற்பியல் ஆசிரியர் என்பதால் ஆன்டெனா வேலை என் தலையில். மொட்டை மாடியில் பைப்பை நட்டு, ஸ்டே கம்பி இழுத்துக் கட்டி, ஆன்டெனாவை நேர் கிழக்கே திருப்பி வைத்தேன். கடல் கிழக்கே, இலங்கையும் கிழக்கே. இதில் யோசிக்க என்ன இருக்கிறது? ஒரு வாரம் எறும்புதான் ஊர்ந்தது. பைப்பை இன்னும் பத்தடி உயர்த்தினேன். எறும்பு கொஞ்சம் பெரிதாகத் தெரிந்தது.

பத்தாம் வகுப்பில் ஒரு பையன். கடல் தொழில் செய்யும் குடும்பம். பெயரை இங்கே எழுதவில்லை, அவன் சம்மதம் இல்லாமல் எழுதுவது சரியில்லை. ஒருநாள் மாலை அட்லஸையும் பாகைமானியையும் எடுத்துக்கொண்டு மாடிக்கு வந்தான்.

"சார், எங்க மாமா கொழும்புக்குத் தோணியில போறவுக. ரூபவாஹினி கோபுரம் நாட்டுக்கு நடுவுல பெரிய மலை மேல இருக்குன்னு சொன்னாவ. அந்த மலை நமக்கு நேர் கிழக்க இல்ல சார். தெக்க சாய்ஞ்சு கிடக்கு."

அட்லஸில் கோடு போட்டுக் காட்டினான். அந்த மலை பிதுருதலாகலை, இலங்கையின் மிக உயரமான சிகரம், 2,524 மீட்டர். எங்கள் ஊரிலிருந்து பார்த்தால் கிழக்கிலிருந்து 30 டிகிரிக்கு மேல் தெற்கே. பைப்பைத் திருகினோம். முதன்முதலாக மனித முகம் தெரிந்தது.

அவன் அதோடு நிற்கவில்லை. ஒரு நாற்பது பக்க நோட்டில் தினமும் குறித்து வைத்தான். எந்தத் தேதி, எத்தனை மணிக்குப் படம் தெளிவு, அன்று என்ன காற்று, கடல் எப்படி. இரண்டு மாதம் கழித்துச் சொன்னான்: "சார், கச்சான் அடிச்சா படம் போயிருது. காத்து ஓஞ்சு கடல் எண்ணெய் மாதிரி கிடக்குத அன்னைக்கு, பொழுது சாய்ஞ்சப்புறம்தான் நல்லாத் தெரியுது."

நான் சிரித்தேன். காற்றுக்கும் ரேடியோ அலைக்கும் என்னடா சம்பந்தம் என்று கேட்டேன். தவறு என்னுடையது. அந்த மலையுச்சியிலிருந்து சாதாரணமாக இந்த அலை சுமார் 200 கிலோமீட்டர் வரைதான் எட்டும், அதற்கு அப்பால் பூமியின் வளைவு மறைத்துவிடும். எங்கள் ஊரோ 300 கிலோமீட்டருக்கு மேல். பிறகு எப்படி வந்தது? வெதுவெதுப்பான கடலுக்கு மேல் ஈரக் காற்று ஒரு அடுக்காகவும், அதற்கு மேல் உலர்ந்த சூடான காற்று இன்னொரு அடுக்காகவும் அமைதியாகப் படிந்திருந்தால், அலை அவற்றுக்கிடையே வளைந்து வளைந்து வாய்க்காலில் தண்ணீர் போவது போலப் போகும். பலத்த காற்று அடித்தால் அடுக்குகள் கலைந்துவிடும், வாய்க்காலும் உடைந்துவிடும். அந்தப் பையன் நோட்டில் எழுதியிருந்தது அதைத்தான். எனக்கு அது புரியப் பல வருடம் ஆயிற்று.

அந்த ஆண்டு விழாவில் தலைமையாசிரியர் எனக்குப் பொன்னாடை போர்த்தினார். "நம் இயற்பியல் ஆசிரியர் தம் அறிவாற்றலால் கடல் கடந்த காட்சியை நம் பள்ளிக்குக் கொண்டுவந்தார்" என்றார். மைக் என் கையில் வந்தது. நன்றி சொன்னேன். தலைமையாசிரியருக்கு, பெட்டி கொடுத்தவருக்கு, பைப் கொடுத்த கடைக்காரருக்கு. தரையில் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தவனின் பெயரைச் சொல்லவில்லை. மறந்துவிட்டேன் என்று இத்தனை வருடமாக எனக்கு நானே சொல்லிக்கொண்டிருக்கிறேன். மறக்கவில்லை. ஒரு பையன் சொல்லி வாத்தியார் திருத்திக்கொண்டார் என்று அத்தனை பேர் முன்னால் சொல்லக் கூச்சம். அவனும் மற்றவர்களோடு கை தட்டினான்.

தலைமையாசிரியரிடம் காட்டுகிறேன் என்று அந்த நோட்டை வாங்கி வைத்திருந்தேன். காட்டவும் இல்லை, திருப்பிக் கொடுக்கவும் இல்லை. பரீட்சை முடிந்ததும் அவன் படிப்பை நிறுத்திக் கடலுக்குப் போய்விட்டான். வீட்டுக்கு வெள்ளையடித்த ஒரு வருடம் நோட்டும் பழைய பேப்பரோடு போயிற்று.

பணி ஓய்வுக்குப் பிறகுதான் இந்த மீன் முள்ளு ஆன்டெனாவின் வரலாற்றைப் படித்தேன். வகுப்பில் உங்களுக்கு "யாகி ஆன்டெனா" என்றே சொல்லிக்கொடுத்திருக்கிறேன். ஒயர் கட்டிய குச்சி ஒன்று, பின்னால் சற்று நீளமான குச்சி ஒன்று, முன்னால் குட்டையான குச்சிகள். பின்னது அலையைத் திருப்பும், முன்னவை வழிகாட்டும். இதை ஜப்பானில் செண்டாய் நகரத்துத் தொஹோகு பல்கலைக்கழகத்தில் உருவாக்கினார்கள். சோதனைகளைப் பெரும்பாலும் செய்தவர் ஷின்டாரோ உடா. அவருக்கு மூத்தவர், பேராசிரியர் ஹிடெட்சுகு யாகி. 1926 முதல் உடா ஜப்பானிய மொழியில் கட்டுரை கட்டுரையாக எழுதினார். காப்புரிமை யாகி பெயரில். 1928-இல் யாகி ஆங்கிலத்தில் எழுதிய கட்டுரையை உலகம் படித்தது, அவர் பெயரே நிலைத்துவிட்டது.

சொந்த நாடு அதைக் கண்டுகொள்ளவில்லை என்பது இன்னொரு வேடிக்கை. 1942-இல் சிங்கப்பூரைப் பிடித்த ஜப்பானியருக்கு ஒரு பிரிட்டிஷ் வீரரின் ரேடார் குறிப்பேடு கிடைத்தது. அதில் "யாகி" என்ற சொல் அடிக்கடி வந்தது. அர்த்தம் புரியாமல் சிறைப்பட்ட வீரரையே கேட்டார்களாம். "அது உங்கள் நாட்டுப் பேராசிரியரின் பெயர்" என்றாராம் அவர். உடாவோ 1950-களில் யுனெஸ்கோ நிபுணராக நம் டெல்லிக்கே வந்து, தேசிய இயற்பியல் ஆய்வுக்கூடத்தில் சில வருடம் வேலை செய்திருக்கிறார். நமக்கு அவர் பெயர் தெரியாது.

யாகியை நான் குறை சொல்லவில்லை. அந்த 1928 கட்டுரையில் உடாவின் பெயரையும் அவர் வேலையையும் அவரே குறிப்பிட்டிருக்கிறார். பெயரை விட்டது படித்தவர்கள்தான். நான் மைக் கையில் இருந்தும் சொல்லவில்லை. என் விஷயத்தில் வேறு யாரையும் குறை சொல்ல இடமில்லை.

அன்று மகன் கூரை ஏணியில் நின்று, "எந்தப் பக்கம்ப்பா?" என்று கேட்டதும் நான் முதலில் தேடியது வரைபடத்தையும் பேரனின் பாகைமானியையும்தான். கோபுரம் எங்கே இருக்கிறது என்று முதலில் பார், பைப்பை அப்புறம் உயர்த்து. அது எனக்கு ஒரு பத்தாம் வகுப்பு மாணவன் சொல்லிக்கொடுத்தது.

நம் ஊரில் இனி இதற்குப் பெரிய உபயோகம் இல்லை. தூர்தர்ஷன் 2022-க்குள் பழைய அனலாக் நிலையங்களைப் பெரும்பாலும் மூடிவிட்டது. மாடிகளில் மிச்சம் இருக்கும் பைப்புகளில் காக்கை உட்காருகிறது, துணிக் கயிறு கட்டுகிறார்கள். ஆனாலும் திருத்த வேண்டியதைத் திருத்த வேண்டும்.

ஒன்று: என்னிடம் படித்தவர்கள் எல்லோரும் மனதில் திருத்திக்கொள்ளுங்கள். அது யாகி-உடா ஆன்டெனா.

இரண்டு: 1984-இல் நம் பள்ளி மாடியில் ரூபவாஹினியைப் பிடித்தது நானில்லை. அந்த வருடம் பத்தாம் வகுப்பில் இருந்தவர்களுக்கு நான் யாரைச் சொல்கிறேன் என்று தெரிந்திருக்கும். பெயரைக் கமென்டில் போட வேண்டாம். யாருக்காவது அவரோடு தொடர்பு இருந்தால் இந்தப் பதிவை அவருக்கு வாசித்துக் காட்டுங்கள். அவருக்கும் இப்போது ஐம்பத்தைந்து வயதுக்கு மேல் இருக்கும். சார் அடுத்த மாதம் ஊருக்கு வருகிறார், வீட்டுக்கு வந்து பார்க்க அனுமதி கேட்கிறார் என்று சொல்லுங்கள். நோட்டைத் திருப்பித் தர முடியாது என்பதையும் சொல்லிவிடுங்கள்.

இந்த ஊரில் ஆன்டெனா வைக்க நினைக்கும் உறவினர்கள் தனியாக மெசேஜ் அனுப்புங்கள். எந்த ஊர், கோபுரம் எந்தத் திசை, எத்தனை தூரம் என்ற மூன்றும் முதலில் பார்த்து எழுதுங்கள். மிச்சம் பேசிக்கொள்ளலாம்.