ஊவாத் தோட்டங்களும் மருத்துவ ஆய்விதழ்களின் பரப்பெல்லையும்

ஒவ்வொரு மருத்துவ ஆய்விதழும் தன் நோக்கத்தையும் பரப்பையும் ஓரிரு பத்திகளில் அறிவித்து வைக்கிறது. எந்தக் கட்டுரையை ஏற்போம், எதைப் படிக்காமலே திருப்பி அனுப்புவோம் என்று ஆசிரியர் குழு முன்கூட்டிச் சொல்லும் இடம் அது. கட்டுரை அனுப்புகிறவர்கள் அவசரமாகப் படித்துவிட்டுக் கடந்துபோகும் அந்தப் பத்திகள்தான், ஒரு நாட்டில் யாருடைய நோய் அறிவாகப் பதிவாகிறது, யாருடையது வார்டுப் பதிவேட்டோடு நின்றுவிடுகிறது என்பதைப் பெருமளவு தீர்மானிக்கின்றன. ஊவா மாகாணத்தின் பதுளை மாவட்டத்தை முன்வைத்து இதைக் காட்ட முயல்கிறேன். உறுப்புவாரியாகவும் நோய்வாரியாகவும் பரப்பை வகுத்துக்கொண்ட சிறப்பிதழ்களால் ஊவாத் தோட்டங்களின் உடல்நலத்தை முழுதாகக் காண முடியவில்லை. வாழிடத்தையும் தொழிலையும் பரப்பாகக் கொண்ட ஓர் ஆய்விதழ் அந்த மலைகளிலிருந்தே வரவேண்டும் என்பது என் வாதம்.

இடத்தைப் பரப்பாகக் கொள்வது புதிய யோசனை அல்ல. இன்று உலகின் முன்னணி இதழ்களில் ஒன்றான பிரித்தானிய மருத்துவ சஞ்சிகை, 1840இல் தொடங்கியபோது மாகாண மருத்துவ, சத்திரசிகிச்சை சஞ்சிகை என்றுதான் பெயர் பெற்றிருந்தது. அதற்கு எட்டு ஆண்டுகளுக்கு முன், 1832இல், வூஸ்டர் நகர வைத்தியசாலையில் சார்ல்ஸ் ஹேஸ்டிங்ஸ் கூட்டிய மாகாண வைத்தியர் சங்கத்தின் குரலாக அது வெளிவந்தது. லண்டனில் 1823 முதல் லான்செட் வந்துகொண்டிருந்தது. ஆனாலும் தலைநகருக்கு வெளியே மருத்துவம் பார்த்தவர்கள் தங்கள் ஊர்களின் நோய்களையும் சுகாதார நிலைமைகளையும் தாங்களே எழுதிச் சேர்க்க விரும்பினார்கள். அந்தச் சங்கம் 1856இல் பிரித்தானிய மருத்துவ சங்கமாகப் பெயர் மாறியது. அதன் இலங்கைக் கிளை 1887இல் கொழும்பில் அமைந்தது. இன்றைய இலங்கை மருத்துவ சங்கத்துக்கும் அதன் சஞ்சிகைக்கும் வேர் அந்தக் கிளையே. ஆக, இந்நாட்டின் மருத்துவ இதழியல் ஒரு மாகாணச் சங்கத்தின் வம்சாவளியில் வந்தது. பின்னாளில் காலியிலும் யாழ்ப்பாணத்திலும் அங்குள்ள மருத்துவ சங்கங்கள் தங்கள் சஞ்சிகைகளை நடத்தியதும் அந்த வழியில்தான்.

நடுவே ஒரு திருப்பம் நிகழ்ந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் மருத்துவம் கிளைகளாகப் பிரிய, இதழ்களும் பிரிந்தன. குடியேற்ற நாடுகளின் நோய்களுக்கென்று 1898இல் லண்டனில் வெப்பமண்டல மருத்துவ சஞ்சிகை தொடங்கியது. கொழும்பில் பணியாற்றிய அல்டோ கஸ்டெல்லானி 1905இல் பறங்கிப்புண்ணின் கிருமியைக் கண்டபோது அந்தச் செய்தி லண்டன் இதழ்களுக்கும் போயிற்று. அது பெரிய கண்டுபிடிப்பு; மறுக்க ஒன்றுமில்லை. ஆனால் இங்குள்ள உடலிலிருந்து எடுத்த மாதிரி, அங்குள்ள வாசகருக்கு எழுதிய கட்டுரை என்ற ஏற்பாடு அப்போது நிலைபெற்றது. கிருமி கட்டுரைக்குள் போயிற்று. நோயாளி எங்கே வாழ்ந்தார், என்ன வேலை செய்தார், எப்படி வைத்தியசாலைக்கு வந்தார் என்பவை ஓரமாயின.

தோட்டங்களில் இந்த ஓரமாக்கலின் விளைவை மிகத் தெளிவாகக் காட்டுவது கொழுக்கிப் புழுவின் கதை. கோப்பிக் காலத்திலேயே தொழிலாளரின் சாவுகள் அரசைத் தொந்தரவு செய்தன. 1872இல் மருத்துவத் தேவைகள் கட்டளைச் சட்டம் வந்தது. 1912இல் அது திருத்தி எழுதப்பட்டு, தொழிலாளர் நோய்கள் பற்றிய தனிச் சட்டமும் சேர்ந்தது. நோயுற்ற தொழிலாளியைக் கவனிக்கும் கடமை அவற்றால் தோட்ட நிர்வாகத்தின் மேல் வந்தது. தோட்ட மருத்துவம் நாட்டின் பொது மருத்துவத்திலிருந்து விலகியே வளர்ந்தது. 1916இல் ரொக்ஃபெல்லர் நிறுவனத்தின் சர்வதேசச் சுகாதாரச் சபை மாத்தளைத் தோட்டங்களில் கொழுக்கிப் புழு ஒழிப்பைத் தொடங்கியது. மருந்து கொடுத்தார்கள், மலம் சோதித்தார்கள், எண்ணிக்கை எழுதினார்கள். மருந்துண்டவர் திரும்பிப் போனது மலசலகூடம் இல்லாத லயம் என்ற வரிசை வீட்டுக்கும், வெறுங்காலோடு நிற்கும் தேயிலை மலைக்கும். புழு மீண்டும் தொற்றியது. மலசலகூடம் கட்டுவது யார் செலவு என்ற கேள்வி மருந்தளவைவிடப் பெரிதென்று இயக்கத்தினருக்கே பின்னர் விளங்கியது. சிகிச்சைக்கு முன் சுகாதார வசதி என்ற நிலைப்பாட்டுக்கும், 1926இல் களுத்துறையில் அமைந்த முதல் சுகாதாரப் பிரிவுக்கும் அந்தப் பாடமே வழிகாட்டியது. ஒரு புழுவைப் பரப்பாகக் கொண்ட ஆய்வு புழுவை நன்றாக அளந்தது. லயத்தை அளக்கும் பொறுப்பு அதன் பரப்புக்குள் இருக்கவில்லை.

அதே பிரிவினை இன்று நுட்பமான வடிவில் தொடர்கிறது. பசறையிலோ நமுனுகுலையிலோ கொழுந்து பறிக்கும் ஒரு பெண்ணை எண்ணிப்பாருங்கள். அவளுடைய குருதிச்சோகை குருதியியல் இதழுக்கு உரியது. அவள் பெற்ற பிள்ளையின் குறைந்த பிறப்பு நிறை மகப்பேற்று இதழுக்கும், அந்தப் பிள்ளை வயதுக்கேற்ற உயரம் எட்டாதது குழந்தை மருத்துவ இதழுக்கும் போகும். முதுகுவலி எலும்பியலுக்கு, கையில் வெடித்த தோல் தோலியலுக்கு, கணவனின் குடியால் வரும் அடியும் அச்சமும் உளமருத்துவத்துக்கு. ஒவ்வொரு துண்டும் தனித்தனியே நல்ல கட்டுரையாகலாம். ஆனால் காலை ஆட்கணக்கெடுப்பான பிரட்டுக்கு முன் எழுந்து அடுப்பு மூட்டி, பிள்ளையைத் தோட்டத்துக் காப்பகமான பிள்ளை மடுவத்தில் விட்டு, அரை வயிற்றோடு மலையேறி, கொழுந்தின் நிறை குறைந்தால் அரைநாள் கூலியான அரைப்பேர் என்ற கணக்கோடு நாள் முழுதும் நிற்கும் வாழ்க்கைதான் அந்தத் துண்டுகள் அனைத்துக்கும் பொதுக் காரணம். அதைப் பொருளாகக் கொண்ட இதழ் எது? ஆசிரியர் ஒருவர் அதைச் சமூகவியல் என்று திருப்பி அனுப்பினால் அவரைக் குறைகூற முடியாது; அவர் தம் இதழின் பரப்பை மதிக்கிறார்.

எண்கள் இதன் கனத்தைச் சொல்லும். 2016ஆம் ஆண்டின் குடித்தொகை, சுகாதார ஆய்வின்படி ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் வயதுக்கேற்ற உயரம் எட்டாதவர்கள் நாடு முழுவதற்கும் ஏறத்தாழ 17 வீதம். தோட்டத் துறையில் ஏறத்தாழ 32 வீதம். 2012 குடிசன மதிப்பீட்டில் தோட்டத் துறை நாட்டு மக்களில் 4.4 வீதம். இவ்வளவு சிறிய பங்கு தேசிய சராசரியில் கரைந்துவிடும். தோட்டம் என்று தனி நிரல் இருந்தாலும் அதில் நுவரெலியாவும் பதுளையும் இரத்தினபுரியும் ஒன்றாகக் கலக்கின்றன. ஹப்புத்தளையின் உயர்மலைத் தோட்டமும் மடுல்சீமையின் ஒதுங்கிய தோட்டமும் லுணுகலையின் தாழ்ந்த, வெப்பமான தோட்டமும் மழையில், வீதியில், வைத்தியசாலைத் தூரத்தில் ஒன்றல்ல. அந்த வேறுபாட்டை ஒரு தேசிய ஆய்வு காட்டும் என்று எதிர்பார்ப்பது தவறு. உள்ளூர் ஆய்விதழ் காட்டவேண்டியது அது.

பதுளை மாவட்டத்துக்குள்ளேயே ஓர் ஒப்பீடு கிடைக்கிறது. மலையிலிருந்து வடக்கே இறங்கினால் மகாவலிக் குடியேற்றப் பகுதியான கிராந்துருகோட்டை. காரணம் தெளிவாகாத நாட்பட்ட சிறுநீரக நோய் கடுமையாகத் தாக்கிய இடங்களில் அது ஒன்று. அந்தக் கிராமங்களின் நிலத்தடி நீர், வெப்பம், விவசாய இரசாயனங்கள் எல்லாம் உலகச் சிறுநீரகவியல் இதழ்களில் விவாதப் பொருளாயின. அந்த விவசாயிகளுக்கு அது வேண்டிய கவனமே, இன்னும் வேண்டும். ஆனால் அந்த நோய் ஏன் இதழ்களின் கண்ணில் பட்டது என்று கேட்டால், அது ஓர் உறுப்பில் குடியிருந்தது என்பது பதிலின் ஒரு பகுதி. சிறுநீரகத்துக்கு இதழ் இருந்தது. அதே மாவட்டத்தின் மலைச் சரிவில் பல உறுப்புகளில் பரந்து, தலைமுறைகளாய் நீடிக்கும் போசாக்கின்மைக்கு அப்படியொரு வாசல் இல்லை.

சிறப்பிதழ்களால் பயனில்லை என்று இதைப் படிக்கக்கூடாது. 1995இல் இலங்கையில் தற்கொலை வீதம் இலட்சத்துக்கு 47 என்ற உச்சத்தில் நின்றது. கொடிய பூச்சிகொல்லிகளை ஒவ்வொன்றாகத் தடைசெய்தபோது அது சரிந்தது என்பதைத் தொற்றுநோயியல் இதழொன்றில் 2007இல் வெளியான ஆய்வு உறுதியாகக் காட்டியது. 2008க்கும் 2011க்கும் இடையில், தேயிலை மலைகளில் களைக்கு அடித்த பரகுவாட்டும் படிப்படியாக நீக்கப்பட்டது. தோட்டத்துக் குடும்பங்கள் எத்தனையோ இதனால் உயிர்களைக் காத்துக்கொண்டன. பாம்புக்கடியும் அப்படியே. மூக்கு மேல்நோக்கி வளைந்த குழிவிரியன் இந்நாட்டில் மிக அதிகமாகக் கடிக்கும் பாம்புகளில் ஒன்று. அதன் கடி உயிருக்கு ஆபத்தில்லை என்றே நெடுங்காலம் நம்பினார்கள். அது சிறுநீரகத்தைப் பழுதாக்கும், சிலரைக் கொல்லும், இந்தியாவில் தயாராகும் நஞ்சுமுறி மருந்து அதற்குப் பலிக்காது என்பதை நிலைநாட்டியவர்கள் இலங்கை வைத்தியசாலைகளில் நோயாளரை வரிசையாகக் கவனித்து எழுதிய வைத்தியர்கள். கட்டிலருகே எழுதிய குறிப்பு பாடநூலைத் திருத்தியது. அப்படிப்பட்ட குறிப்புகள் பதுளை, தியத்தலாவை, வெலிமடை வார்டுகளில் நாள்தோறும் உருவாகின்றன. அவற்றை வாங்கிக்கொள்ள அருகில் ஓர் இதழ் இருந்தால்தான் எழுதும் பழக்கம் வரும்.

பரப்பை எப்படி வகுப்பது என்பதற்கு மலையிலேயே ஒரு முன்மாதிரி உண்டு. 1869இல் கோப்பி இலைத்துரு நோய் இத்தீவைத் தாக்கிய பிறகு, பயிரின் நலம் ஒழுங்கான ஆய்வுப் பொருளாயிற்று. 1881இல் கொழும்பில் வெப்பமண்டல விவசாய இதழொன்று தொடங்கியது. 1925இல் தேயிலை ஆராய்ச்சி நிலையம் அமைந்து, 1928 முதல் தன் காலாண்டிதழை நடத்தியது. பசறையிலும் அதற்குக் கிளை நிலையம் உண்டு. அந்த இதழ் தேயிலைச் செடியை வேரியல், இலையியல் என்று பிரித்து வெவ்வேறு இதழ்களுக்கு அனுப்பவில்லை. மண், நிழல்மரம், கவ்வாத்து, துளைவண்டு, 1946இல் வந்த கொப்புள நோய், தொழிற்சாலை உலர்த்தல் எல்லாம் ஒரே அட்டைக்குள் இருந்தன. ஏனென்றால் செடி வாழ்ந்தது அவை எல்லாவற்றுக்கும் நடுவில். அந்தச் செடியைப் பறித்த மனிதருக்கும் அதே முழுமையான பார்வை உரியது. நூற்றைம்பது ஆண்டுகளுக்கு மேல் அந்த மலைகளில் உழைத்த சமூகத்துக்கு இது கிடைக்காமல் போனது எனக்கு ஆறாத வருத்தம்.

எதிர்வாதங்கள் வலுவானவை. சிறிய மாகாண இதழுக்குத் தகுதியான மதிப்பீட்டாளர் கிடைப்பது அரிது. ஒருவரை ஒருவர் அறிந்த வட்டத்துக்குள் மதிப்பீடு தளர்ந்துவிடும். மெட்லைன் போன்ற அட்டவணைகளில் இடம்பெறாத இதழில் எழுதினால் பதவி உயர்வுக்கு உதவாது என்று இளம் வைத்தியர் தயங்குவார். இரண்டு மூன்று இதழோடு நின்றுபோன சஞ்சிகைகளையும் நாம் பார்த்திருக்கிறோம். இவற்றுக்கு என் பதில் அளவைக் குறைத்துத் தொடங்குவதே. இயங்கிக்கொண்டிருக்கும் தேசிய இதழொன்றில் ஆண்டுக்கு ஒரு பெருந்தோட்டச் சுகாதாரச் சிறப்புப் பகுதியாக, கொழும்பு, கண்டி, யாழ்ப்பாணத்து மதிப்பீட்டாளரோடு அது ஆரம்பிக்கலாம். ஆனால் தேர்வு செய்யும் ஆசிரியர் குழு பதுளையில் அமர வேண்டும். இதில் விட்டுக்கொடுக்க இடமில்லை என்றே கருதுகிறேன்.

அந்தப் பரப்பு அறிக்கையில் எழுத வேண்டியவை சில. தோட்டத்து மருந்துச்சாலைப் பதிவேடும் பிள்ளை மடுவத்து நிறை அட்டையும் ஆய்வுச் சான்றாக ஏற்கப்பட வேண்டும். 1990களில் சில தோட்ட வைத்தியசாலைகளை அரசு பொறுப்பேற்றபோது பழைய பதிவேடுகள் எங்கே போயின என்று தேடிப் பாதுகாப்பதே ஒரு முதல் ஆய்வாகலாம். குடும்ப நல உத்தியோகத்தரும் பொதுச் சுகாதாரப் பரிசோதகரும் கட்டுரையாசிரியராக எழுத வழி வேண்டும். லயத்துக்குள் நுழைந்து பார்ப்பவர்கள் அவர்களே. பலிக்காத தலையீடுகளும் வெளிவர வேண்டும். புழுமருந்து கொடுத்து ஆறு மாதத்தில் மீண்டும் தொற்றியது என்ற முடிவு, 1916இன் பாடத்தை மறக்காதவர்களுக்குப் பெறுமதியானது. மண்சரிவும் உடல்நலப் பொருளே. 2014 ஒக்டோபர் 29இல் கொஸ்லந்தை மீரியபெத்தையில் லயங்கள் புதைந்த பிறகு இடம்பெயர்ந்தோரின் உறக்கம், துயரம், பிள்ளைகளின் பள்ளிவருகை ஆகியவற்றை நீண்டகாலம் தொடர்ந்து பதிவு செய்வது இத்தகைய இதழின் வேலை.

ஒப்புதல் பற்றி இன்னும் கண்டிப்பு தேவை. 1964இன் ஹெல்சிங்கிப் பிரகடனம் தனிமனிதரின் சுயவிருப்பை வலியுறுத்துகிறது. தோட்டத்தில் ஆய்வாளர் உள்ளே வரவே முகாமையாளரின் அனுமதி வேண்டும்; அவர் அனுமதித்த ஆய்வுக்கு மாட்டேன் என்று சொல்ல ஒரு தொழிலாளிக்கு எவ்வளவு சுதந்திரம் இருக்கிறது? ஒப்புதல் எங்கே, யார் முன்னிலையில், எந்த மொழியில் பெறப்பட்டது, வேலை நேரத்திலா, அந்த நேரத்துக்குக் கூலிக் கணக்கில் பேர் போட்டார்களா என்று கட்டுரை ஒவ்வொன்றும் சொல்ல வேண்டும். இவற்றுக்குப் பதில் இல்லாத கட்டுரையை மதிப்பீட்டுக்கே அனுப்பக்கூடாது.

மொழியும் பரப்பின் பகுதியே. 1847இல் யாழ்ப்பாணம் வந்த சாமுவேல் ஃபிஸ்க் கிறீன் மானிப்பாயில் 1864 முதல் தமிழிலேயே மருத்துவம் கற்பித்தார். உடற்கூற்றியலும் சத்திரசிகிச்சையும் தமிழில் நூல்களாயின. அந்த அனுபவம் நம்மிடம் இருக்க, கட்டுரைச் சுருக்கத்தைத் தமிழிலும் சிங்களத்திலும் கேட்பது கடினமான நிபந்தனை அன்று. ஆய்வு முழுவதும் ஆங்கிலத்தில் இருக்கலாம். ஆனால் ஆய்வு நடந்த தோட்டத்தின் பிள்ளை மடுவத்துச் சுவரில் அதன் முடிவு ஒரு பக்கத் தமிழில் ஒட்டப்பட்டிருக்க வேண்டும். ஒட்டிய திகதியைக் கட்டுரையின் இறுதித் திருத்தப்படியோடு ஆசிரியர் குழுவுக்கு அறிவிக்க வேண்டும்.