மெலனி மார்ஷல்

மெலனி மார்ஷல் (பிறப்பு 1982) இங்கிலாந்தின் லிங்கன்ஷயரிலுள்ள பாஸ்டன் நகரில் பிறந்த முன்னாள் நீச்சல் வீராங்கனை, பயிற்சியாளர். நீச்சல் உலகில் ‘மெல்’ என்றே அழைக்கப்படுகிறார்.

200 மீட்டர் ஃப்ரீஸ்டைல் அவருடைய முதன்மைப் போட்டி. 2004-இல் அந்த ஆண்டின் உலகின் மிக வேகமான நேரத்தைக் கையில் வைத்துக்கொண்டு ஏதென்ஸ் ஒலிம்பிக்குக்குப் போனார். இறுதிப் போட்டிக்கே தகுதி பெறவில்லை. அவர் பயிற்சியாளராக உருவானதைப் புரிந்துகொள்ள இந்தத் தோல்வியிலிருந்துதான் தொடங்க வேண்டும். நல்ல உடல்தகுதியோடு வருபவர்கூடப் பெரிய நாளில் நிலைகுலையலாம் என்பதை அவர் தண்ணீருக்குள்ளேயே அறிந்தவர். 2006 மெல்போர்ன் காமன்வெல்த் போட்டியில் ஆறு பதக்கங்களை வென்றார். 2008 பெய்ஜிங் ஒலிம்பிக்குக்குப் பின் ஓய்வு பெற்று, டெர்பி நகர நீச்சல் மன்றத்தில் பயிற்சியாளரானார்.

அங்கே அவரிடம் வந்து சேர்ந்தவர்களில் ஒருவன் ஆடம் பீட்டி என்ற பதினான்கு வயதுச் சிறுவன். சின்ன வயதில் குளியல் தொட்டியைக் கண்டாலே பயந்தவன். அவனுடைய ஃப்ரீஸ்டைல் சாதாரணம்தான். பிரெஸ்ட்ஸ்ட்ரோக் நீந்தத் தொடங்கியதும் மார்ஷல் ஆளைக் கண்டுகொண்டார். 100 மீட்டர் பிரெஸ்ட்ஸ்ட்ரோக்கில் 2015 ஏப்ரலில் பீட்டி 57.92 விநாடியில் நீந்தி, 58 விநாடிக்குள் வந்த முதல் மனிதரானார். 2016 ரியோ இறுதிப் போட்டியில் 57.13, இரண்டாவதாக வந்தவர் 1.56 விநாடி பின்தங்கியிருந்தார். நூறில் ஒரு பங்கு விநாடியில் பதக்கம் கைமாறும் போட்டியில் இது மலைக்கவைக்கும் இடைவெளி. 1988-க்குப் பிறகு பிரிட்டிஷ் ஆண் ஒருவர் நீச்சலில் வென்ற முதல் ஒலிம்பிக் தங்கமும் அதுவே.

ரியோவுக்குப் பின் மார்ஷல் லஃப்பரோ தேசியப் பயிற்சி மையத்துக்கு மாறினார். பீட்டியும் உடன் சென்றார். 57 விநாடியை உடைப்பதே அடுத்த இலக்கு. அதற்கு ‘புராஜெக்ட் 56’ என்று பெயர் வைத்து உழைத்தார்கள். 2019 ஜூலையில் தென்கொரியாவின் குவாங்ஜுவில் நடந்த உலகப் போட்டியின் அரையிறுதியில் 56.88 விநாடியில் அது நிறைவேறியது. டோக்கியோ ஒலிம்பிக்கில் பீட்டி தன் தங்கத்தைத் தக்கவைத்துக்கொண்டார்; அதுவரை எந்தப் பிரிட்டிஷ் நீச்சல் வீரரும் செய்யாதது இது.

ஆனால் கடினமான ஆண்டுகள் அதன் பின்னரே வந்தன. மனச்சோர்வால் பீட்டி 2023-இல் போட்டிகளிலிருந்து விலகி நின்றார். வீரர் நீந்தாத காலத்திலும் அவர் பக்கத்தில் நிற்பதும் பயிற்சியாளரின் வேலைதான். மார்ஷல் நின்றார். 2024 பாரிஸில் பீட்டி மீண்டும் இறுதிப் போட்டிக்கு வந்து, இத்தாலியின் நிக்கோலோ மார்ட்டினெங்கியிடம் 0.02 விநாடியில் தங்கத்தை இழந்து வெள்ளி பெற்றார்.

பாரிஸுக்குப் பிறகு மார்ஷல் ஆஸ்திரேலியாவின் கோல்ட் கோஸ்டிலுள்ள கிரிஃபித் பல்கலைக்கழகத்தில் பயிற்சிப் பொறுப்பேற்றார்.