குமுளிக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும்

திண்டுக்கல்லிலிருந்து குமுளி போகும் பேருந்து வத்தலக்குண்டு வழியாகத்தான் போகிறது. குமுளியில் மாநிலம் மாறுகிறது. ஏழைக் குடும்பத்தின் ஆஸ்பத்திரிச் செலவுக்கு அரசு பணம் புரட்டும் முறையும் மாறுகிறது. வாக்குறுதி இரு பக்கமும் ஒன்றே: குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை கட்டணமில்லாத சிகிச்சை.

தமிழ்நாடு 2009-இல் கலைஞர் காப்பீட்டுத் திட்டத்தை ஸ்டார் ஹெல்த் என்ற தனியார் நிறுவனத்திடம் ஒப்படைத்தது. 2012 ஜனவரியில் அது முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டமாகி, பொதுத்துறையின் யுனைடெட் இந்தியாவிடம் போனது. ஆட்சி மாறியும் அடிப்படை மாறவில்லை. தலைக்கட்டுக்கு இவ்வளவு என்று அரசு பிரீமியம் கட்டிவிடும். சிகிச்சைச் செலவு அதைத் தாண்டினால் அது நிறுவனத்தின் பாடு. 2022 ஒப்பந்தத்தில் அந்தத் தொகை 849 ரூபாய், குடும்பங்கள் ஏறத்தாழ 1.37 கோடி. பெருக்கிப் பார்த்தால் ஆண்டுக்கு 1,100 கோடிக்கு மேல். ஒன்றிய அரசு தன் பட்டியலில் உள்ள குடும்பங்களுக்கு மட்டும் 60 விழுக்காடு தருகிறது. வி.ஏ.ஓ.விடம் வருமானச் சான்று வாங்கிச் சேர்ந்த மற்றவர்களின் முழுச் செலவும் மாநிலக் கஜானாவிலிருந்துதான்.

கேரளமும் 2019-இல் இப்படித்தான் தொடங்கியது. காருண்யா ஆரோக்கிய சுரக்ஷா பத்ததி என்ற அதன் திட்டத்துக்கு ரிலையன்ஸ் ஜெனரல் காப்பீட்டு நிறுவனமாக வந்தது. பிரீமியம் 1,671 ரூபாய். நம் தொகையைப் போல இரு மடங்கு என்பதால் நாம் சாமர்த்தியசாலிகள் என்று நினைத்துவிடக் கூடாது. அங்கே முதியவர்கள் அதிகம். ஆஸ்பத்திரியில் சேர்வோரும் அதிகம். 2020 ஜூலையில் அந்த அரசு காப்பீட்டு நிறுவனத்தை விலக்கிவிட்டுத் தன் மாநில சுகாதார முகமை மூலம் நேரடியாகப் பில் கட்டத் தொடங்கியது. இடையில் யாருக்கும் லாபப் பங்கு இல்லை. கொள்கையளவில் இதுவே சரி என்பது என் கருத்து. ஆனால் கஜானா வறண்டபோது நிலுவை ஏறியது, தனியார் மருத்துவமனைகள் சில திட்டத்திலிருந்து விலகின. காப்பீட்டு அட்டை கையிலிருந்தும் ஏழை நோயாளி வேறு வாசல் தேட நேர்ந்தது. பிரீமியத்தை முன்கூட்டியே ஒதுக்கிக் கட்டும் நம் ஒழுங்கின் அருமை இங்கேதான் புரிகிறது.

இன்னொன்றைத்தான் நான் மிக முக்கியமாக நினைக்கிறேன். தமிழ்நாட்டில் அரசு மருத்துவமனைகளும் சிகிச்சைக்கான தொகையைக் காப்பீட்டிலிருந்து பெறுகின்றன. அதில் ஒரு பகுதி மருத்துவருக்கும் செவிலியருக்கும் ஊக்கத்தொகையாகிறது, இன்னொரு பகுதி மருத்துவமனையின் தேவைகளுக்குப் போகிறது. வத்தலக்குண்டு பக்கம் பூப்பறிக்கும் ஒரு பெண்ணுக்கு மதுரை ராஜாஜி மருத்துவமனையில் இதய அறுவை நடந்தால், பிரீமியமாகப் போன வரிப்பணம் அரசு வார்டுக்கே திரும்புகிறது. தனியாரிடம் நடந்தால் அவள் பிழைப்பாள், அதுவே பெரிது. ஆனால் பணம் திரும்பாது. அவள் தினமும் விழுங்கும் சர்க்கரை மாத்திரைக்கோ இந்த அட்டை எந்தப் பக்கமும் உதவாது. அதற்கு உள்ளூர் அரசு ஆஸ்பத்திரியின் மருந்துக் கவுன்ட்டர்தான் கதி. அதற்கான நிதி வேறு கணக்கு. காப்பீட்டுக்காக அந்தக் கணக்கில் ஒரு ரூபாயும் குறையக் கூடாது.

2022 ஜனவரியில் தொடங்கிய ஐந்தாண்டு ஒப்பந்தம் 2027 ஜனவரியில் முடிகிறது. அடுத்ததை எழுதுமுன், ஒவ்வொரு மாவட்டத்திலும் காப்பீட்டுத் தொகையில் அரசு மருத்துவமனைகள் பெற்றது எவ்வளவு, தனியாருக்குப் போனது எவ்வளவு, எந்தெந்தச் சிகிச்சைக்காக நோயாளிகள் வெளியே அனுப்பப்பட்டார்கள் என்ற கணக்கை அரசு மக்கள் முன் வைக்க வேண்டும்.