குழாய்க்குள் கான்கிரீட், கான்கிரீட்டுக்குள் டயர்: ஒரு கடல்பாலக் கணக்கு

2022 மார்ச்சில் நம்ம பழைய துறைமுகப் பாலத்தின் நடுப்பகுதி கடலில் விழுந்தது. புயல் காலம்கூட இல்லை. வங்கக்கடலில் அபூர்வமாக மார்ச் மாதத்தில் உருவான ஒரு தாழ்வு மண்டலம், அதனால் வந்த கடல் சீற்றம், அவ்வளவுதான். 1962-இல் முடித்த பாலம். அறுபது வருஷம்.

அதற்கு முந்தைய பாலம் காந்தி சிலைக்கு எதிரே இருந்தது. பிரெஞ்சுக்காரர்கள் 1866-இல் கட்டிய இரும்புப் பாலம். அதற்கு முன்னால் கப்பல்கள் ஆழத்தில் நங்கூரம் போட்டு நிற்க, சலங்கு என்கிற படகுகள்தான் அலை தாண்டி சரக்கையும் ஆளையும் கரைக்குக் கொண்டுவரும். அந்த இரும்புப் பாலம் 1952 நவம்பர் புயலில் போனது. அதன் கால்களின் மிச்சம் இன்னும் தண்ணீரில் நிற்கிறது. காலையில் வாக்கிங் போகிறவர்கள் தினமும் பார்க்கிறார்கள், எத்தனை பேருக்கு அது என்னவென்று தெரியுமோ.

இரும்பை வெளியிலிருந்து ஒரு புயல் கொன்றது. கான்கிரீட்டை உள்ளிருந்து துரு தின்றது. புதுப் பாலத்தின் தூண்களில் கம்பி வெளியே பல்லிளித்ததைப் பல வருஷமாகப் பார்த்திருக்கிறேன். உப்பு கான்கிரீட்டுக்குள் ஊறிக் கம்பியைத் தொட்டதும் துருப்பிடிக்கும், துரு இரும்பைவிட அதிக இடம் கேட்கும், மேல் பூச்சு பெயர்ந்து விழும், உப்புக்கு வழி இன்னும் சுலபமாகும்.

அப்போ கம்பியை உள்ளே வைக்காமல், வெளியே ஒரு குழாயாக வைத்து அதற்குள் கான்கிரீட்டை ஊற்றினால்? இது புது யோசனை இல்லை. இங்கிலாந்தில் செவர்ன் ஆற்றின் மேல் 1879-இல் திறந்த ரயில் பாலத்தின் தூண்கள் வார்ப்பிரும்புக் குழாய்கள்தான். உள்ளே கான்கிரீட் நிரப்பியதற்கு முக்கிய நோக்கம் குழாயின் உட்புறம் துருப்பிடிக்காமல் இருப்பது. 1960 அக்டோபர் 25 இரவு, பனிமூட்டத்தில் இரண்டு எண்ணெய்ப் படகுகள் மோதி ஒரு தூண் நொறுங்கியது. ஐந்து பேர் இறந்தார்கள். வார்ப்பிரும்பு வளையாது, உடையும். இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வருகிறது.

குழாய் துருவைத் தடுக்க மட்டும் இல்லை என்று புரியவைத்தவர்களில் முக்கியமானவர் ஒரு பிரெஞ்சுக்காரர், அர்மான் கான்சிதேர். கான்கிரீட்டை மேலிருந்து அழுத்தினால் அது பக்கவாட்டில் பிதுங்கித்தான் உடைகிறது. பிதுங்க விடாமல் கம்பிச் சுருளால் கட்டிப்போட்டால் பல மடங்கு தாங்கும் என்று 1900-களின் தொடக்கத்திலேயே காட்டினார். 1928-இல் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் ரிச்சர்ட் குழு அதற்கு ஒரு எண்ணே கொடுத்தது: பக்கவாட்டில் 1 பங்கு அழுத்தினால் தாங்கும் வலிமை சுமார் 4.1 பங்கு கூடும். 30 மெகாபாஸ்கல் கான்கிரீட்டைச் சுற்றி 5 மெகாபாஸ்கல் இறுக்கம் கொடுத்தால் 50-ஐத் தொடும். நூற்றாண்டு ஆகப்போகிறது, இன்றும் இந்த எண்ணிலிருந்துதான் எல்லோரும் ஆரம்பிக்கிறார்கள்.

இப்போ டயர். பழைய டயரை நம்ம ஊரில் தெரியாதவர் இல்லை. மழைக்காலத்தில் டெங்கு என்றால் முதலில் அதைத்தான் கவிழ்க்கச் சொல்வார்கள். அதைத் துண்டாக்கி ஜல்லிக்குப் பதில் போடலாமா? 1993-இல் எல்டின், செனூசி இருவரும் போட்டுப் பார்த்தார்கள். ஜல்லி முழுவதையும் ரப்பர் துண்டாக மாற்றியபோது அழுத்த வலிமை சுமார் 85 சதவீதம் போய்விட்டது. ரப்பரும் சிமென்ட்டும் ஒட்டுவதில்லை, ரப்பர் மென்மையும்கூட. சாதாரணத் தூணுக்கு இது ஆகாது. ஆனால் அவர்கள் கவனித்த இன்னொன்று முக்கியம்: அது சட்டென்று உடையவில்லை, நசுங்கியபடியே சக்தியை உள்வாங்கியது.

இங்கேதான் இரண்டும் சேர்கிறது. ரப்பரை அழுத்தினால் அதன் கன அளவு கிட்டத்தட்ட மாறாது, பக்கவாட்டில் தள்ளத்தான் செய்யும். வெறும் தூணில் அது கெடுதல். குழாய்க்குள் இருந்தால் சுவரை சீக்கிரமே தள்ளி இறுக்கத்தை வேலைக்கு இழுக்கிறது. இழந்த வலிமையில் ஒரு பகுதி திரும்ப வருகிறது, வளையும் குணம் மிச்சமாக வருகிறது. எல்லாம் திரும்ப வராது, 4.1 ரப்பர் கலவைக்கு அப்படியே பொருந்தும் என்றும் எடுத்துக்கொள்ளக் கூடாது. அதனால் ஜல்லி, மணலில் கொஞ்சம் பங்கை மட்டும் மாற்றுவதுதான் புத்திசாலித்தனம்.

குழாய் எதில்? கடலில் எஃகு என்றால் மறுபடி துருதான். கண்ணாடி இழையும் பிசினும் சேர்ந்த கூட்டுக்குழாய் உப்புக்கு அசையாது. அமெரிக்காவில் வர்ஜீனியாவின் நாட்டவே ஆற்றுப் பாலத்தில் 2000 வாக்கில் இந்தக் குழாய்களில் கான்கிரீட் நிரப்பி அடித்தூணாக இறக்கினார்கள் (ரப்பர் இல்லாமல்). சிக்கல், இழைக்குழாயும் எஃகு மாதிரி நீண்டு கொடுக்காது. எல்லை தாண்டினால் டப்பென்று கிழியும். செவர்ன் ஞாபகம் வருகிறதா? உள்ளே ரப்பர் இருந்தால் கிழிந்த பிறகும் கான்கிரீட் ஒரேயடியாக நொறுங்காமல் கொஞ்சம் பிடித்து நிற்க வாய்ப்பு உண்டு. படகு மோதும் இடத்தில் அந்தக் கொஞ்சம்தான் எனக்கு முக்கியமாகப் படுகிறது.

நான் கோடு எழுதுகிறவன், பாலம் கட்டுகிறவன் இல்லை. ஆனாலும் இங்கே புதுசாக ஒரு பாலம் என்று பேச்சு வந்தால் கேட்க எனக்கு மூன்று கேள்வி இருக்கிறது: வெயிலில் அந்தப் பிசின் எத்தனை வருஷம் தாங்கும், தீப்பிடித்தால் குழாய் என்ன ஆகும், குழாயும் மேல்தளமும் சேரும் இடத்தில் கம்பி இல்லாமல் எப்படிக் கட்டுவீர்கள். மூன்றாவதுதான் கஷ்டம். அங்கே கம்பி போட்டால் உப்பு முதலில் தேடி வருவது அந்த இடத்தைத்தான்.