கண்ணாடி இழையில் உருவான பாய்ப்படகு

மரக்கலம் என்னும் சொல்லே கலத்திற்கும் மரத்திற்கும் உள்ள பழைய உறவைக் காட்டும். பன்னெடுங்காலம் நீடித்த அவ்வுறவு, உல்லாசப் பயணப் பாய்ப்படகுகளைப் பொறுத்தமட்டில், இருபதாம் நூற்றாண்டின் நடுவில் தளர்ந்தது. அதற்குச் சிறந்த சான்று அமெரிக்காவிற் கட்டப்பெற்ற ‘டிரைட்டன்’ என்னும் படகாகும்.

மரப்படகு ஒவ்வொன்றும் தனித்தனியே உருவாக வேண்டும். பலகையை வளைத்து, விலாக்கட்டைகளிற் பொருத்தி, இடுக்குகளை அடைத்துக் கலப்பற்று வேலை முடிக்க வேண்டும். ஆதலால் விலையும் மிகுதி. பேணும் செலவும் மிகுதி. இரண்டாம் உலகப் போருக்குப் பின் வேறொரு முறை பரவிற்று. கண்ணாடி இழைத் துணியைச் செயற்கைப் பிசினில் தோய்த்து, அச்சினுள் அடுக்கடுக்காக இட்டு இறுகச் செய்தனர். ஓர் அச்சிலிருந்து ஒரே வடிவிற் பல படகுகள் பிறந்தன. 1956இல் கலிபோர்னியாவில் ‘பவுண்டி 2’ என்னும் 41 அடிப் படகு இவ்வாறு உருவாயிற்று.

எனினும், சிறிய குடும்பப் படகிற்கு இம்முறையைப் பெருமளவிற் பயன்படுத்திய பெருமை, ரோட் ஐலண்டு மாநிலத்துப் பிரிஸ்டல் நகரின் பியர்சன் நிறுவனத்திற்கு உண்டு. 1959ஆம் ஆண்டு நியூயார்க் படகுக் கண்காட்சியில் அது டிரைட்டனை வைத்தது. விலை பத்தாயிரம் டாலருக்கு உட்பட்டது. 1967க்குள் எழுநூறுக்கு மேற்பட்ட படகுகள் கட்டப்பெற்றன.

பொருள் புதிது, வடிவமோ பழையது. அதை வரைந்தவர் சுவீடனிற் பிறந்த கார்ல் ஆல்பர்க். படகின் நீளம் ஏறத்தாழ 28½ அடி. நீர்மட்டத்தில் 20½ அடியே. முன்னும் பின்னும் நீரின்மேல் நீண்டு நிற்கும் பகுதிகள், காற்றிற் படகு சாயும்போது நீரைத் தொடும், நீர்மட்ட நீளம் கூடும், விரைவும் கூடும். அடியில் நீண்ட ஏராவும், அதன் பின்விளிம்பிற் பொருந்திய சுக்கானும், ஏறத்தாழ 3000 இறாத்தல் ஈயமும் உண்டு. இவை படகை நேர்வழியிற் செலுத்தி, சாய்ந்தாலும் நிமிரச் செய்யும். உள்ளே நால்வர் உறங்கலாம். சிறு அடுக்களையும் உண்டு.

புதிய பொருள் எத்தனை ஆண்டு தாங்கும் என்பதை அன்று எவரும் கண்டறிந்திருக்கவில்லை. ஆகவே முன்னோடிகள் படகின் உடலைக் கனமாகவே அமைத்தனர். அந்த ஐயமே வலிமையாயிற்று. பிற்காலத்தில் ஒரு டிரைட்டன் உலகை இருமுறை சுற்றி வந்தது. அறுபது ஆண்டு கடந்தும் பல உடல்கள் உறுதியாயுள்ளன. பிரிஸ்டலிற் கட்டியவற்றில் பெரிதும் பழுதுபடும் இடம் மேற்றளமே. எடை குறைய அதன் இரு கண்ணாடி இழைப் படலங்களுக்கிடையே பால்சா மரத்தை வைத்தனர். திருகாணித் துளைவழி நீர் புகுந்தால் அம்மரம் உளுத்துவிடும்.

மக்காத உடலுக்கும் ஒரு குறை உண்டு. பழைய மரப்படகு மண்ணோடு மண்ணாகும். கண்ணாடி இழைப் படகோ கைவிடப்பட்ட பின்னும் கரையிற் கிடக்கும். அதனை ஒழிப்பது இன்று பல நாடுகளுக்குத் தொல்லையாயுள்ளது. செல்வர்க்கே உரியதாயிருந்த கடற்பயணத்தை நடுத்தரக் குடும்பத்திற்கும் அளித்த பொருள் இது. அதன் நீண்ட ஆயுளுக்கு விலை தருவோர் பின்வந்த தலைமுறையினரே.