ஃபார்கோவில் ஓர் இரவு: முப்பத்தெட்டு ஆண்டுகள் வெளிவராத எலிங்டன்

ஜாஸ் இசையின் வரலாறு பெரும்பாலும் இசைத்தட்டுகளைக் கொண்டே எழுதப்பட்டிருக்கிறது. இதில் வசதியும் உண்டு, குறையும் உண்டு. 1940-இல் வழக்கிலிருந்த பத்து அங்குல இசைத்தட்டின் ஒரு பக்கம் ஏறத்தாழ மூன்று நிமிடங்களே கொள்ளும். இரவெல்லாம் நடன அரங்குகளில் வாசித்துப் பழகிய குழுக்கள், ஒலிப்பதிவுக் கூடத்துக்குள் நுழைந்ததும் அந்த அளவுக்குள் தம்மை ஒடுக்கிக்கொள்ள வேண்டியிருந்தது. அந்தக் குறுகிய சட்டகத்தையே ஒரு கலைவடிவமாக ஆக்கியவர் டியூக் எலிங்டன். ஆயினும், அவருடைய குழு ஒரு சாதாரண இரவில், ஒரு சாதாரண ஊரில், ஆடுவதற்காக வந்தவர்கள் முன்னால் எப்படி ஒலித்தது என்ற கேள்வி எஞ்சி நிற்கிறது. அதற்கு நமக்குக் கிடைக்கும் மிக முழுமையான விடையை எந்த இசைத்தட்டு நிறுவனமும் தரவில்லை. இரண்டு இளம் ரசிகர்கள் தந்தார்கள்.

1940-ஆம் ஆண்டு எலிங்டன் குழுவின் பொற்காலங்களுள் ஒன்று என்பதில் விமர்சகர்களிடையே பெரிய கருத்து வேறுபாடு கிடையாது. 1939-இன் இறுதியில் ஜிம்மி பிளாண்டன் என்ற இளைஞர் குழுவில் சேர்ந்தார். தாளத்தின் அடித்தளமாக மட்டுமே இருந்துவந்த டபுள் பாஸை அவர் தனித்துப் பேசும் வாத்தியமாக மாற்றினார். அடுத்து டெனர் சாக்ஸபோனுடன் பென் வெப்ஸ்டர் வந்தார். அவ்வாண்டு மார்ச்சில் 'கோ-கோ', மே மாதத்தில் 'காட்டன் டெயில்', ஜூலையில் 'ஹார்லம் ஏர் ஷாஃப்ட்' என்று ஒன்றன்பின் ஒன்றாகப் பதிவாயின. இலையுதிர்காலத்தில் ஓர் இழப்பும் நேர்ந்தது. பதினோரு ஆண்டுகளாகக் குழுவின் அடையாளக் குரல்களில் ஒன்றாயிருந்த டிரம்பெட் கலைஞர் கூட்டி வில்லியம்ஸ், பென்னி குட்மன் குழுவுக்குச் சென்றுவிட்டார். அவ்விடத்துக்கு ரே நான்ஸ் அப்போதுதான் வந்து சேர்ந்திருந்தார்.

இந்த நிலையில்தான் குழு 1940 நவம்பர் 7 அன்று வடக்கு டகோட்டா மாநிலத்தின் ஃபார்கோ நகருக்கு வந்தது. இடம், கிரிஸ்டல் பால்ரூம் என்ற நடன அரங்கு. அங்கே ஒலிப்பதிவுக் கருவியோடு காத்திருந்தவர்கள் ஜாக் டவர்ஸ், டிக் பரிஸ் என்ற இரு நண்பர்கள். இருவரும் எலிங்டன் இசையில் தோய்ந்தவர்கள். குழுவின் நிகழ்ச்சிகளை ஏற்பாடு செய்துவந்த வில்லியம் மாரிஸ் நிறுவனத்துக்கு முன்கூட்டியே எழுதி அனுமதி கேட்டிருந்தார்கள். எலிங்டனும் இசைந்தார். பதிவை வணிகத்துக்குப் பயன்படுத்தக்கூடாது என்ற ஒரே நிபந்தனையுடன் அனுமதி கிடைத்தது. இந்த நிபந்தனையை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். பின்னால் நிகழ்ந்த யாவும் இதைச் சுற்றியே நிகழ்ந்தன.

ஒலிநாடா அன்று அமெரிக்காவில் புழக்கத்துக்கு வந்திருக்கவில்லை. நேரடிப் பதிவு என்றால், மென்பூச்சுப் பூசிய அலுமினியத் தட்டின்மீது அந்தக் கணத்திலேயே ஒலியைச் செதுக்குவதுதான். ஊசி செதுக்கச் செதுக்கப் பூச்சு இழையிழையாகச் சுருண்டு எழும். அதை அகற்றிக்கொண்டே இருக்க வேண்டும். நிமிடத்துக்கு 33⅓ சுற்றில் ஓடும் பெரிய தட்டானாலும் ஒரு பக்கம் கால்மணி நேரத்துக்கு மேல் தாங்காது. பிறகு புதிய பக்கம், புதிய தட்டு. அந்த இடைவெளியில் வாசிக்கப்பட்டது காற்றோடு போயிற்று. ஃபார்கோ பதிவில் சில உருப்படிகள் நடுவில் தொடங்குவதும் சில நடுவில் அறுந்துபோவதும் இதனால்தான்.

அந்தத் தழும்புகளோடு நமக்குக் கிடைத்திருப்பது நாற்பதுக்கும் மேற்பட்ட உருப்படிகள். 'கோ-கோ', 'கேரவன்', 'மூட் இண்டிகோ' போன்ற எலிங்டன் குழுவின் செல்வங்களோடு, அன்று வானொலியில் பிரபலமாயிருந்த 'ஃபெரிபோட் செரனேட்' போன்ற மெல்லிசைப் பாட்டுகளும் கலந்து வருகின்றன. நடனம் ஆட வந்தவர்கள் கேட்பதை வாசித்தாக வேண்டும் அல்லவா? பின்னாளில் சொற்கள் சேர்க்கப்பட்டுப் பெரும் புகழ்பெற்ற மெட்டொன்று, 'நெவர் நோ லமென்ட்' என்ற பழைய பெயரில், பாடலாவதற்கு முந்திய தோற்றத்தில் இங்கே ஒலிக்கிறது. ஐவி ஆண்டர்சனும் ஹெர்ப் ஜெஃப்ரிஸும் பாடுகிறார்கள். கூட்டத்தின் பேச்சு கேட்கிறது. சக வாத்தியக்காரர்கள் ஒருவரையொருவர் உற்சாகப்படுத்தும் குரல்களும் கேட்கின்றன. கூடத்துப் பதிவுகளில் வடிகட்டப்பட்டுவிடும் இந்தச் சத்தங்களே நம்மை அரங்குக்குள் அழைத்துச்செல்கின்றன.

இந்த இரவின் சிகரம் என்று ரசிகர்கள் தலைமுறை தலைமுறையாகச் சுட்டுவது 'ஸ்டார்டஸ்ட்'. எலிங்டன் இயற்றியதன்று, ஹோகி கார்மைக்கேலின் மெட்டு. வெப்ஸ்டர் அதை ஏறத்தாழத் தனியொருவராகச் சுமந்துசெல்கிறார். மூச்சுக்காற்றே நாதமாகக் கனிகின்ற அந்தத் தொனி, மெட்டை விட்டு விலகி விலகிப் போய், ஒவ்வொரு முறையும் புதிய வழியாகத் திரும்பி வருகிறது. அவசரம் என்பதே இல்லை. மூன்று நிமிடக் கணக்கு தலைக்குமேல் தொங்காதபோது ஒரு கலைஞன் எப்படிச் சிந்திக்கிறான் என்பதை நாம் இங்கே கேட்கிறோம். வெப்ஸ்டருக்கே இந்தப் பதிவின்மேல் தனிப்பிரியம் இருந்தது. அதன் பிரதி ஒன்றை டவர்ஸ் அவருக்கு அளித்தார்.

இந்த இசையின் பின்னால் ஒரு துயரமும் இருக்கிறது. பிளாண்டன் காசநோயால் 1942 ஜூலையில், இருபத்து மூன்றாம் வயதில் இறந்தார். அடுத்த சில நாட்களில், ஆகஸ்ட் முதல் தேதி, அமெரிக்க இசைக்கலைஞர் சங்கத்தின் ஒலிப்பதிவு வேலைநிறுத்தம் தொடங்கியது. எலிங்டன் ஒப்பந்தம் செய்திருந்த விக்டர் நிறுவனத்தில் அது 1944 நவம்பர் வரை நீடித்தது. வெப்ஸ்டரோ 1943-இல் விலகினார். அந்தக் குழு அந்த வடிவத்தில் வாழ்ந்தது இரண்டாண்டுக்கும் குறைவு. அதன் மேடை வாழ்விலிருந்து இத்தனை நீளமாக, இத்தனை தெளிவாக நமக்குக் கிடைத்திருக்கும் பதிவு இதுவொன்றே.

இனி நிபந்தனைக்கு வருவோம். டவர்ஸ் தட்டுகளை விற்கவில்லை. பூட்டியும் வைக்கவில்லை. நண்பர்களுக்கும் சேகரிப்பாளர்களுக்கும் பிரதிகள் எடுத்துக் கொடுத்தார். மென்பூச்சுத் தட்டு ஒவ்வொரு முறை ஒலிக்கும்போதும் சற்றே தேய்கிறது. ஆகவே பிரதி எடுப்பது பகிர்வு மட்டுமல்ல, பாதுகாப்பும்கூட. கைமாறிக் கைமாறிச் சென்ற அந்தப் பிரதிகள் வழியாக, கடையில் கிடைக்காத ஓர் இசைக்கு உலகெங்கும் ரசிகர் கூட்டம் உருவாயிற்று. ஆனால் கைமாறும் பொருள் எல்லாக் கைகளிலும் ஒன்றுபோல் இருப்பதில்லை. அதே பிரதிகளிலிருந்து ஐரோப்பாவில் அனுமதியற்ற இசைத்தட்டுகள் வெளிவந்தன. உழைத்த கறுப்பினக் கலைஞர்களுக்கு ஒரு காசும் சேராமல் பிறர் சம்பாதிக்கும் பழைய கதை, அன்பின் பெயரால் தொடங்கிய ஒரு காரியத்திலும் புகுந்துகொண்டது.

முறையான வெளியீடு 1978-இல்தான் நிகழ்ந்தது. மாதாந்திரப் புத்தகக் கழகத்தின் இசைப்பிரிவு மூன்று நீளிசைத் தட்டுகளாக வெளியிட்ட அது, 1980-இல் பெருங்குழு ஜாஸ் வாசிப்புக்கான கிராமி விருதைப் பெற்றது. அப்போது எலிங்டன் மறைந்து ஆறாண்டுகள் ஆகிவிட்டிருந்தன; வெப்ஸ்டர் அவருக்கும் ஓராண்டு முன்னரே போய்விட்டார். டவர்ஸ் பழைய தட்டுகளிலிருந்து ஒலியை மீட்டெடுக்கும் கலையில் வல்லுநராகி, 2010-இல் காலமானார்.

வாக்கைக் காப்பாற்றியதால் ஒரு மகத்தான இசை முப்பத்தெட்டு ஆண்டுகள் பொதுவெளிக்கு வராமல் இருந்தது. முன்பே வந்திருந்தால் ஜாஸ் வரலாற்றின் சில பக்கங்கள் வேறுவிதமாக எழுதப்பட்டிருக்கும் என்று வாதிட இடமுண்டு. ஆனால் அந்த வாக்கு இல்லாமல் கருவியே அரங்குக்குள் வந்திருக்காது என்பதையும் மறப்பதற்கில்லை. விற்பதற்காகப் பதிவு செய்திருந்தால் விற்கக்கூடியதை மட்டும் பதிவு செய்திருப்பார்கள். 'ஃபெரிபோட் செரனேட்'டை யார் இருமுறை எண்ணிப் பார்த்திருப்பார்? எதையும் தேர்ந்தெடுக்காமல், தட்டு தீரும் வரை, கிடைத்ததையெல்லாம் காதலோடு செதுக்கிக்கொண்டதால்தான் ஒரு முழு இரவு நமக்கு மிஞ்சியிருக்கிறது. ஆவணக் காப்பகங்கள் செய்யவேண்டிய வேலையைச் சில வேளைகளில் ரசிகர்கள் செய்துவிடுகிறார்கள். அவர்களுக்கு நாம் பட்டிருக்கும் கடனை, 'ஸ்டார்டஸ்ட்' முடிந்ததும் எழும் கைத்தட்டலோடு சேர்ந்துகொண்டாவது தீர்க்க முயலலாம்.